இரண்டு பிரிஜிட்

போன வாரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மெல்பர்னின் ஓரத்தில், ட்ருகனினாவில் இருக்கும் என் வீட்டின் பின்னறையில் கண் சொருகச் சொருக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் சின்னதாக ஒரு பெட்டி வந்து நின்றது. ஒரே மாதிரி இரண்டு பதிவுகள் இருக்கின்றன, ஒன்றை நீக்கிவிடலாமா என்று கேட்டது. இந்தக் கேள்வியை நான் தினமும் பலமுறை பார்க்கிறேன். என் பிழைப்பே அதுதான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் விரல் அரை நொடி நிற்கும். அன்றைக்கு அந்த அரை நொடி நீண்டுவிட்டது. எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து, ஜன்னலுக்கு எதிரே தெரியும் கிடங்குகளின் தகரக் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டேன்.

பிழைப்பைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். புதிதாக வீடுகள் வரும் இடங்களில் மண்ணுக்கடியில் போகும் தண்ணீர்க் குழாய்களின் வரைபடங்களைச் சுத்தம் செய்வது என் வேலை. ஒரே குழாயை இரண்டு பேர் இரண்டு படங்களில் வரைந்திருப்பார்கள். ஒன்றை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால், இல்லாத குழாயைத் தேடி யாராவது ஒரு தெருவைத் தோண்டிப்போடுவார்கள். சிட்னியில் படிப்பை முடித்ததும் கிடைத்த முதல் வேலையும் இதேதான். அந்தச் சின்ன அலுவலகத்தில்தான் நோயல் இருந்தார்.

நோயலை நினைத்தால் முகத்துக்கு முன்னால் மணம்தான் வரும். நனைந்து காய்ந்த கம்பளிச் சட்டையும் பென்சில் சீவலும் கலந்த மணம். எல்லாரும் கணினியில் வரைந்த காலத்திலும் அவர் மட்டும் முதலில் ஒரு தாளில் பென்சிலால் போட்டுப் பார்ப்பார். அறுபது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் மேசைக்குப் பக்கத்து மேசை.

முதல் மூன்று வாரம் தினமும் காலையில் "மார்னிங், முருகேசன்" என்றார். பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயராக ஏறியிருந்த அப்பாவின் பெயரைத்தான் என் மேசைப் பலகையில் எழுதியிருந்தார்கள். புது இடம், புது வேலை, எதற்கு வம்பு என்று நானும் முருகேசனாகவே இருந்தேன். நான்காவது வாரம் பொறுக்காமல் சொல்லிவிட்டேன்.

"அது எங்கப்பா பேரு."

"அப்ப இத்தன நாளா உங்கப்பாவுக்கா குட்மார்னிங் சொல்லிட்டிருந்தேன்? எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார். ரிட்டையர் ஆயிட்டார்."

"குடுத்து வச்சவர்," என்று சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவப் போய்விட்டார். அதற்குப் பிறகும் உற்சாகமான நாட்களில் முருகேசன் என்றுதான் கூப்பிட்டார். நானும் மறுக்கவில்லை.

பெயரில் தொடங்கிய பேச்சு பெயர்களிலேயே வளர்ந்தது. அவருடைய முன்னோர்கள் அயர்லாந்தில் கிளேர் பக்கம். அங்கே வந்த பெரும் பஞ்சத்துக்குப் பிந்திய வருடங்களில் அண்ணன் தம்பி இருவர் ஊரைவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். அண்ணன் டெனிஸ் அமெரிக்காவுக்கு, தம்பி பேட்ரிக் இங்கே, ஆஸ்திரேலியாவுக்கு. பேட்ரிக், சிட்னிக்குத் தெற்கே கோல்பர்ன் என்ற ஊர்ப் பக்கம் ரயில் பாதை போடுகிற வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். டெனிஸ் அயோவாவில், அடுத்த வீட்டுக்கு அரை நாள் நடக்க வேண்டிய ஓர் இடத்தில், சோளம் போட்டார். அண்ணனும் தம்பியும் அதன்பின் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. கடிதங்கள் மட்டும் போயின, வந்தன. பேட்ரிக்கின் வழியில் கடைசி ஆள் நோயல். அமெரிக்காவிலிருந்து வந்த கடிதங்கள் ஒரு பிஸ்கட் டின்னில் இவரிடம் இருந்தன.

"படிச்சிருக்கீங்களா?"

"ட்ரை பண்ணேன். கண் போதாது. அதுவும் இல்லாம அந்த மனுஷன் காகிதத்தோட சண்ட போட்டிருக்கார்."

ஒருநாள் டின்னைக் கொண்டுவந்து திறந்து காட்டியபோது அவர் சொன்னது புரிந்தது. டெனிஸ் ஒரு தாளை இடமிருந்து வலமாக எழுதி நிரப்பிவிட்டு, தாளைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, எழுதிய வரிகளின் குறுக்காகவே மறுபடியும் எழுதியிருந்தார். எடை கூடாமல் கடல் தாண்ட வேண்டுமே. எனக்கு நம் இன்லண்ட் லெட்டர் ஞாபகம் வந்தது. அம்மாவின் தங்கை எழுதினால் முகவரிப் பக்கத்தின் ஒட்டும் மடிப்பில்கூட நாலு வார்த்தை இருக்கும். கிழிக்கும்போது அந்த நாலு வார்த்தைதான் முதலில் போகும். போனது என்ன என்று வீடே உட்கார்ந்து ஊகிக்கும்.

அந்த வருடம்தான் அமெரிக்காவிலிருந்து கேரல் எழுதினார். கேரல், டெனிஸின் மகள் பிரிஜிட்டின் வழியில் வந்தவர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நோயலும் அவரும் வருடத்துக்கு ஒருமுறை வாழ்த்து அனுப்பிக்கொள்வதோடு சரி. இந்த முறை வந்தது வாழ்த்து இல்லை. டெனிஸின் நிலத்தை யாரோ தூரத்து உறவினர்கள் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் பன்றிக் கொட்டகைகள் போடப் போகிறார். வயலின் ஓரத்தில் குடும்பத்தாரின் சமாதிகள் இருக்கின்றன. மரச் சிலுவைகள் எப்போதோ உளுத்துப்போய்விட்டன. யார் யார் கிடக்கிறார்கள் என்று இப்போது இருப்பவர்களில் யாருக்கும் தெரியாது. பழைய வீடு தீப்பிடித்தபோது அங்கிருந்த காகிதங்களும் போய்விட்டன. எலும்புகளை எடுத்து ஊருக்குள் இருக்கும் தேவாலயக் கல்லறைக்கு மாற்றலாம், ஆனால் அனுமதி வாங்கப் பெயர்ப் பட்டியல் வேண்டும். இங்கிருந்து போன கடிதங்கள் அங்கே இல்லை, அங்கிருந்து வந்த கடிதங்களாவது உங்களிடம் இருக்கின்றனவா என்று கேட்டிருந்தார்.

நோயல் அந்த மின்னஞ்சலை அச்செடுத்து என் மேசையில் வைத்தார். ரொம்ப நேரம் பக்கத்திலேயே நின்றார்.

"எனக்குன்னு மிச்சம் இருக்கறது அந்த மண்ணுல கிடக்கறவங்கதான். எல்லாரையும் ஒரே இடத்துல சேத்து வச்சுட்டா போதும். நீதான் லிஸ்ட் போடறதுல கெட்டிக்காரியாச்சே."

கெட்டிக்காரிதான். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஊரிலிருந்து கிளம்பும்போது பெட்டி ஒன்று, பெட்டி இரண்டு என்று பிரித்து, புளி எதில், மாத்திரை எதில் என்று எழுதி அப்பாவிடம் ஒரு நகல் கொடுத்துவிட்டு வந்தவள் நான். சிட்னியின் புறநகரான குவேக்கர்ஸ் ஹில்லில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் குளிர்பெட்டிக் கதவில் என் பட்டியல்கள்தான் தொங்கும். வீட்டுக்காரி சாந்தி அக்கா யாழ்ப்பாணம். மருத்துவமனையில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். "உன்ர லிஸ்டில மூச்சு விடுறதையும் எழுதி வை பிள்ளை, மறந்துபோடுவாய்" என்பார்.

டின்னை வீட்டுக்கு எடுத்துவந்தேன். தினமும் ரயிலில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே வந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு, கடிதங்களைப் படமெடுத்துப் பெரிதாக்கி, முதலில் நேர் வரிகள், பிறகு குறுக்கு வரிகள் என்று படித்தேன். அசதியில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அதனால் எனக்கு நானே விதிகள் போட்டுக்கொண்டேன். பெயர் இருந்தால் மட்டும் ஒரு வரி. பெயர் இல்லாத செய்தி பட்டியலில் வராது. இரண்டு வரி ஒரே ஆளைச் சொன்னால், தெளிவாக இருப்பதை வைத்துக்கொண்டு தெளிவில்லாததை நீக்கு. அலுவலகத்தில் குழாய்களுக்கு இருந்த அதே விதிகள்தான். மனிதர்களுக்குத் தனியாக விதி வேண்டும் என்று தோன்றவில்லை.

நான்காம் கடிதத்தில் மகள் பிறந்திருக்கிறாள், பிரிஜிட் என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று இருந்தது. தேதி இருந்த மூலையில் தண்ணீர் பட்டு மை கரைந்திருந்தது. ஒன்பதாம் கடிதத்திலும் மகள் பிறந்திருக்கிறாள், பிரிஜிட் என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று இருந்தது. அதில் தேதி பளிச்சென்று தெரிந்தது. அதே அப்பா, அதே அம்மா ஹொனோரா. முதல் கடிதம் போய்ச் சேர்ந்ததோ என்னவோ என்று மறுபடி எழுதியிருக்கிறார் பாவம் என்று நினைத்தேன். ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பெண்கள் எப்படி இருக்க முடியும்? மங்கலான வரியைத் தேர்ந்தெடுத்து நீக்கினேன்.

மண்ணில் கிடப்பவர்கள் ஏழு பேர் என்று வந்தது. டெனிஸ், ஹொனோரா, மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். பிரிஜிட் வளர்ந்து, ஒரு மாவு மில்காரரைக் கட்டிக்கொண்டு, வேறு ஊரில் இறந்தவர். அவர் வழிதான் கேரல். எல்லாம் பொருந்தியது. நோயல் பட்டியலை எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து, இரண்டு முறை பார்த்தார். "அழகா இருக்கு, முருகேசன்" என்றார். அன்றே கேரலுக்கு அனுப்பினோம். மூன்று வாரத்தில் ஏழு பேருக்கு அனுமதி கிடைத்தது என்று பதில் வந்தது. தோண்டும் வேலைக்கு நாளும் குறித்தார்கள்.

அந்த வாரச் சனிக்கிழமை காலை, சாந்தி அக்கா வேலை முடிந்து வந்து சமையலறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையில் பால் விடாத பிளேன்டீ. மேசையில் என் பட்டியலின் நகல் கிடந்தது. அவருக்கு எதையாவது வாசித்தபடிதான் தேநீர் இறங்கும். மருந்துப்பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாளாக இருந்தாலும் சரி.

"ஆரடி இந்த ஹொனோரா? நல்ல கணக்கா ரெண்டு வருசத்துக்கு ஒண்டு பெத்திருக்கிறா. சோளம் நட்ட நேரம் போக மனுசனுக்கு வேற வேலை இல்லைப் போல."

"அக்கா!"

"சரி, சரி. இஞ்ச வா. தாமஸ் பிறந்து நாலு வருசத்துக்குப் பிறகு பிரிஜிட். நடுவில என்ன?"

"நடுவுல ஒண்ணும் இல்ல. பிறக்கல."

"வடிவா பார். ஜானுக்கும் மேரிக்கும் ரெண்டு. மேரிக்கும் தாமசுக்கும் ரெண்டு. பிரிஜிட்டுக்குப் பிறகும் ரெண்டு, ரெண்டு. இதில மட்டும் நாலு. பால் குடிக்கிற பிள்ளை ஒண்டு மடியில இருந்திருக்கு. நான் ஆசுப்பத்திரியில நாள் முழுக்கப் பாக்கிற சார்ட் இது, எனக்கு விளங்காதே? உன்ர லிஸ்டில ஒரு பிள்ளை குறையுது."

அறைக்குப் போய் டின்னைத் திறந்தேன். நான்காம் கடிதத்தையும் ஒன்பதாம் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பிறகு நடுவில் இருந்த ஆறாம் கடிதத்தை எடுத்தேன். அதைப் படித்தது நினைவிருந்தது. பெயர் எதுவும் இல்லாததால் பட்டியலில் சேர்க்காத கடிதம் அது. குறுக்கு வரிகளில் இப்படி இருந்தது. சின்னவள் போய்விட்டாள். இப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள். பனியில் வண்டி போகாததால் வீட்டுக்கு அருகிலேயே, பிளம் மரத்திலிருந்து வடக்கே பன்னிரண்டு தப்படியில் வைத்தேன். அவள் அம்மா சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைத்து நான் கேட்டதில்லை. பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்ததற்குப் பிச்சை என்றோ குப்பை என்றோ பெயர் வைப்பார்கள். எமன் அருவருத்து விட்டுவிட்டுப் போவான் என்று நம்பிக்கை. என் பெரியப்பாவே பிச்சைமுத்துதான். அவருக்கு முன்னால் மூன்று பேர் போனார்கள். அந்த மூன்று பேருக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. ஒரு பெயரோடு ஒரு பிள்ளை போனால் அந்தப் பெயரும் கூடவே போய்விடும் என்று என் ரத்தத்தில் எழுதியிருந்தது போலும். யாரையும் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

உடனே கேரலுக்கு எழுதினேன். ஆறாம் கடிதத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. வியாழக்கிழமையே வேலை முடிந்துவிட்டது. வரிசையாக ஏழு பேர், பட்டியலில் இருந்தபடியே கிடைத்தார்கள். இயந்திரம் திரும்பிப் போய்விட்டது. அனுமதியில் ஏழு என்று இருப்பதால் அதற்கு மேல் ஒரு மண்வெட்டிகூடப் போட முடியாது. புதிதாக விண்ணப்பிக்கிறேன், ஆனால் நிலம் இப்போது முழுக்க வாங்கியவர் கைக்குப் போய்விட்டது என்று எழுதியிருந்தார். திட்டி ஒரு சொல் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை நோயலிடம் என்ன என்ன சொல்ல வேண்டும் என்று ரயிலில் நின்றுகொண்டே ஒரு பட்டியல் எழுதினேன். ஒன்று, தவறு என்னுடையது. இரண்டு, எப்படி நடந்தது. மூன்று, இனி என்ன செய்யலாம். ஒன்றைச் சொன்னதுமே மற்ற இரண்டும் வரிசை தப்பிக் கலந்துவிட்டன. அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காரச் சொன்னார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"பிரிஜிட்ங்கறது ஹொனோராவோட அம்மா பேரு. அந்தப் பேரு வீட்டுல இருந்தாகணும். ஒரு பொண்ணு அதக் கொண்டுபோயிட்டா, அடுத்த பொண்ணு திரும்பக் கொண்டு வருவா. எங்க வீடுகள்ல அப்படித்தான். எங்கம்மாவே ரெண்டாவது மேரி."

"எனக்குத் தெரியாது நோயல்."

"என்னக் கேட்டிருக்கலாம்."

அவர் சொன்ன கடுமையான வார்த்தை அது ஒன்றுதான். குரல்கூட உயரவில்லை. கையை நீட்டினால் தொடும் தூரத்தில் அவர் மேசை இருந்தது. மூன்று வாரமாகத் தினமும் எட்டு மணி நேரம் அங்கேயே இருந்தார். நான் திரும்பி ஒரு வரி கேட்டிருந்தால் போதும்.

பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

"எங்க குடும்பத்துக்கு இது பழக்கம்தான்," என்றார். "எங்கேருந்து கிளம்பினாலும் யாரையாவது விட்டுட்டுத்தான் கிளம்புவோம்."

நானும் விட்டுவிட்டுக் கிளம்பியவள்தான். ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லி அவர் துக்கத்தில் இடம் பிடிக்க எனக்கு வாய் வரவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடித்தார். இருவரும் அவரவர் குழாய்களுக்குத் திரும்பினோம். அவர் அதற்குப் பிறகும் பேசினார், சிரித்தார். முருகேசன் என்று மட்டும் கூப்பிடவில்லை. என் பெயரைச் சரியாக உச்சரிக்க யாரிடம் பழகினார் என்று தெரியவில்லை. அந்தச் சரியான உச்சரிப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ போல் இருக்கும்.

கேரல் விடவில்லை. அனுமதிக்காகக் குளிர்காலம் முழுக்க அலைந்திருக்கிறார். நாங்களும் இங்கிருந்து கடிதங்களைத் தட்டச்சு செய்து அனுப்பினோம். இந்தமுறை நான் படிக்க, நோயல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி, இது யார், இது யார் என்று நான் கேட்டேன். தெரிந்ததைச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். எட்டாவது வரியாக முதல் பிரிஜிட்டை எழுதினேன். தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

அனுமதி வந்தபோது அங்கே வசந்தம் வந்துவிட்டிருந்தது. கேரல் ஆட்களோடு போய் நின்றிருக்கிறார். தீப்பிடித்த வீட்டின் அடித்தளக் கற்கள் முந்தைய இலையுதிர் காலம்வரை புல்லுக்குள் கிடந்தனவாம். சமையலறை எந்தப் பக்கம் என்று அவற்றைப் பார்த்தால் தெரிந்திருக்கும். கொட்டகைக்குத் தரையைச் சமன் செய்தபோது அவற்றைப் பெயர்த்து லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். பிளம் மரம் எங்கே நின்றது என்று சொல்ல உயிரோடு ஒருவரும் இல்லை. ஆட்கள் நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்துவிட்டு மாலையில் கிளம்பிவிட்டார்கள். தேவாலயக் கல்லறையில் இப்போது ஒரு கல் இருக்கிறது. எட்டுப் பெயர்கள். கீழே ஏழு பேர்.

நோயல் மறு வருடம் ஓய்வுபெற்று வடக்கே கடலோரத்தில் ஏதோ ஊருக்குப் போனார். போவதற்கு முன் டின்னைக் கேரலுக்கு அனுப்பிவைத்தார். இரண்டு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து வந்தது, பிறகு வரவில்லை. அந்த அலுவலகம் இருந்த கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். சாந்தி அக்கா வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். நான் மெல்பர்ன் வந்தேன். பேட்ரிக்கின் வழியில் இப்போது யாரும் இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது.

பன்னிரண்டு தப்படி, வடக்கே. தூரம் தெரியும், திசை தெரியும். வளர்ந்த ஆண் ஒருவரின் தப்படி எவ்வளவு இருக்கும் என்றுகூடக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். எங்கிருந்து எண்ணத் தொடங்க வேண்டுமோ, அந்த இடம் மட்டும் பூமியில் இல்லை.